தாது வருஷத்திலிருந்து ஒரு கணக்கு: வறட்சியை அளந்த கதை



இந்தப் பருவத்தில் எங்களுக்குக் கொடுக்கப்பட்ட அசைன்மென்ட்டின் தலைப்பு 'வறட்சி அபாய மதிப்பீடும் பயிர் விளைச்சலும்'. புத்தகத்தில் இரண்டு சூத்திரங்கள், ஒரு வரைபடம், அவ்வளவுதான். எழுதிக் கொடுத்து மதிப்பெண்ணும் வாங்கியாகிவிட்டது. ஆனால் எழுதும்போது மனதில் ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டது. 'இது வறட்சி' என்று யார் முடிவு செய்கிறார்கள்? எப்போதிலிருந்து முடிவு செய்கிறார்கள்? அந்த அசைன்மென்ட்டில் இதற்கு இடமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் யாராவது அவசர அவசரமாகச் சாப்பிட்டால் பாட்டி சொல்வது: "தாது வருஷப் பஞ்சத்துல அடிபட்டவனாட்டம் ஏண்டா திங்கற?" பாட்டி தாது வருஷத்தைப் பார்த்ததில்லை. அவருடைய பாட்டியும் பார்த்திருப்பாரா என்பது சந்தேகமே. தாது வருஷம் என்பது 1876-77. ஏறத்தாழ நூற்றைம்பது வருடங்களுக்குப் பிறகும் ஒரு பஞ்சம் சாப்பாட்டுத் தட்டின் அருகே உட்கார்ந்திருக்கிறது என்றால், அது எப்படிப்பட்டதாக இருந்திருக்க வேண்டும்!

1876இல் தென்மேற்குப் பருவமழை தக்காணத்திலும் சென்னை மாகாணத்தின் உள்மாவட்டங்களிலும் பொய்த்தது. பெல்லாரி, கர்னூல், கடப்பை, சேலம், கோயம்புத்தூர் எல்லாம் கம்பு, சோளம், கேழ்வரகு விளையும் புஞ்சைக்காடுகள். சரி, ஐப்பசி மழை காப்பாற்றும் என்று இருந்தார்கள். வடகிழக்குப் பருவமழையும் வரவில்லை. ஆண்டு முடிவதற்குள் தானிய விலை இரண்டு மூன்று மடங்காக ஏறிவிட்டது. அடுத்த ஆண்டு, அதாவது 1877இல், ஜூன் ஜூலை மழையும் கைவிட்டது. செப்டம்பருக்குப் பிறகுதான் வானம் திறந்தது. அதற்குள் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் சுமார் 55 லட்சம் பேர் இறந்துபோனார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. சமஸ்தானங்களையும் சேர்த்துக் கணக்கிடுபவர்கள் இன்னும் மேலே போகிறார்கள். எங்கள் தருமபுரி அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருபது லட்சத்தை நெருங்கியிருந்த சேலம் மாவட்டம் 1881இல் பதினாறு லட்சத்துக்கு இறங்கியிருந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்போது மழைக்கணக்கு இல்லாமல் இல்லை. சென்னை வானாய்வகத்தில் 1813 முதலே மழை அளவு பதிவாகி வந்தது. 1875இல், பஞ்சத்துக்குச் சரியாக ஒரு வருடம் முன்பு, இந்திய வானிலைத் துறையே தொடங்கப்பட்டுவிட்டது. கிராமக் கணக்குப்பிள்ளைகள் எந்த சர்வே எண்ணில் என்ன பயிர், எவ்வளவு சாகுபடி என்று அடங்கலில் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அந்தக் கணக்கெல்லாம் தீர்வை வசூலுக்கான கணக்கு. 'எவ்வளவு வசூலிக்கலாம், எவ்வளவு தள்ளுபடி தரலாம்' என்ற கேள்விக்குப் பதில் சொல்லவே அது உருவானது. 'இந்த ஊரில் அடுத்த ஆறு மாதத்துக்குச் சோறு இருக்கிறதா' என்று அந்தப் பேரேட்டைக் கேட்டவர்கள் யாருமில்லை.

சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு. (ஆம், பக்கிங்ஹாம் கால்வாய் என்ற பெயர் அவரால் வந்ததுதான். அடையாறையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. இன்று அதன் மேலே பறக்கும் ரயிலில் போகும்போது எத்தனை பேருக்கு இது நினைவிருக்கும் என்று தெரியவில்லை.) அவருடைய அரசு 1876 இறுதியில் முப்பதாயிரம் டன் தானியத்தை ரகசியமாக வாங்கி இருப்பு வைக்க முயன்றது. இந்திய அரசு அதைக் கண்டித்தது. சந்தையில் அரசு கைவைத்தால் வியாபாரம் கெட்டுவிடும் என்பது வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் கொள்கை. அதே லிட்டன்தான் 1877 ஜனவரி முதல் தேதி டெல்லியில் விக்டோரியா ராணியைப் பேரரசியாக அறிவிக்கும் தர்பாரை நடத்திக்கொண்டிருந்தார்.

சென்னை அரசின் செலவைக் கட்டுப்படுத்த அனுப்பப்பட்டவர் சர் ரிச்சர்ட் டெம்பிள். இவருடைய கதை எனக்கு மிகவும் வியப்பாக இருந்தது. 1873-74இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது இதே டெம்பிள் பர்மாவிலிருந்து சுமார் ஐந்து லட்சம் டன் அரிசி வரவழைத்தார். பட்டினிச் சாவு கிட்டத்தட்ட இல்லாமலே போனது. பாராட்டுக் கிடைத்ததா? இல்லை, 'அநாவசியச் செலவு' என்ற கெட்டபெயர்தான் கிடைத்தது. அந்தச் சூடுபட்ட மனிதர் தெற்கே வந்தபோது வேறு ஆளாக இருந்தார். நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்றால் 454 கிராம். நாள் முழுக்க மண் வெட்டிக் கல் உடைப்பவனுக்கு இது போதாது என்று சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் தொடர்ந்து வாதாடினார். பிறகு கூலி உயர்த்தப்பட்டது. ஆனால் அந்த இடைப்பட்ட மாதங்களை யாரும் திருப்பித் தர முடியாது.

பீகாரில் அபாயத்தை அதிகமாக மதிப்பிட்டார்கள், கருவூலத்தில் பணம் போயிற்று. சென்னையில் குறைவாக மதிப்பிட்டார்கள், உயிர் போயிற்று. இரண்டுமே மதிப்பீட்டுப் பிழைகள்தான். ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைத்ததுதான் அந்த அரசின் கோளாறு என்று எனக்குத் தோன்றுகிறது. நம் புள்ளியியல் வகுப்பில் முதல் வகைப் பிழை, இரண்டாம் வகைப் பிழை என்று படிப்போமே, அதற்கு இதைவிடக் கொடூரமான எடுத்துக்காட்டு கிடைக்காது.

பஞ்சம் ஓய்ந்ததும் 1878இல் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையில் பஞ்சக் கமிஷன் அமைத்தார்கள். 1880இல் அறிக்கை வந்தது, 1883இல் பஞ்ச விதித்தொகுப்பின் மாதிரி வந்தது. வறட்சி அபாய மதிப்பீடு என்று இன்று நாம் சொல்வதன் முதல் நிர்வாக வடிவம் இதுதான் என்று சொல்லலாம். ஒவ்வொரு மாகாணத்திலும் விவசாயத் துறை வேண்டும், அது விளைச்சல் புள்ளிவிவரம் திரட்ட வேண்டும் என்று சொன்னதும் இந்தக் கமிஷன்தான்.

இந்த விதிகளில் எனக்குப் பிடித்த பகுதி அபாய அறிகுறிகளின் பட்டியல். பிந்தைய தொகுப்புகளில் இது விரிவாக வருகிறது. பிச்சை போடுவது குறைகிறதா? கடன் கிடைப்பது நின்றுவிட்டதா? தானிய வியாபாரத்தில் வழக்கத்துக்கு மாறான பரபரப்பு தெரிகிறதா? திருட்டு கூடுகிறதா? ஆடுமாடுகளை மேய்ச்சல் தேடி வேறு பக்கம் ஓட்டிப் போகிறார்களா? மக்கள் ஊர்விட்டு ஊர் அலைகிறார்களா? கவனியுங்கள், இதில் எதுவும் மழைமானி சொல்லும் செய்தி அல்ல. மழை எவ்வளவு குறைந்தது என்பதைவிட, அந்தக் குறைவு மனிதர்களை என்ன செய்கிறது என்பதைத்தான் இந்தப் பட்டியல் பார்க்கிறது. அமர்த்தியா சென் 1981இல் எழுதிய புத்தகம், பஞ்சம் என்பது உணவு இல்லாமை அல்ல, உணவைப் பெற வழி இல்லாமை என்று வாதிடுவதைப் படித்தபோது இந்தப் பட்டியல்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

'சோதனை வேலை' என்று ஒன்றும் வைத்திருந்தார்கள். சந்தேகமுள்ள இடத்தில் குறைந்த கூலிக்குக் கல் உடைக்கும் வேலையைத் திறப்பார்கள். கூட்டம் வந்தால் பஞ்சம் உண்மை, வராவிட்டால் இன்னும் தாங்குகிறார்கள் என்று அர்த்தம். மனிதப் பசியையே அளவுகோலாக்கிய கருவி! குரூரமான ஏற்பாடுதான். இருந்தாலும் கணக்குப்பிள்ளையின் அறிக்கையைவிட அது பொய் சொல்லாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆனால் எத்தனை விதி இருந்தும் என்ன? 1943இல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் இறந்தபோது அந்த மாகாண அரசு விதித்தொகுப்பின்படி பஞ்சத்தை அறிவிக்கவே இல்லை.

இன்னொரு பக்கம், மழையை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்ற தேடலும் இதே பஞ்சத்தில்தான் வேகம் பிடித்தது. வானிலைத் துறையின் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்ட், இமயமலையில் பனி அதிகமாக விழுந்தால் அடுத்து வரும் மழை குறைகிறது என்று கண்டு 1884இல் எழுதினார். 1886இல் முதல் முறையான நீண்டகால முன்னறிவிப்பு வெளியானது. சில ஆண்டுகள் ஓரளவு பலித்தது. பிறகு 1899இல் பெரும் வறட்சி வந்தது, முன்னறிவிப்பு அதைப் பிடிக்கவில்லை.

1904இல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர் வானிலை படித்தவர் அல்ல, கணிதக்காரர். காரணம் தெரியாவிட்டால் போகட்டும், எண்கள் எதோடு எது சேர்ந்து ஆடுகின்றன என்று பார்ப்போம் என்று உலகம் முழுவதுமிருந்த காற்றழுத்தப் பதிவுகளை உட்கார்ந்து ஒட்டுறவுக் கணக்குப் போட்டார். கணினி கிடையாது, எல்லாம் குமாஸ்தாக்களின் கைக்கணக்கு. (எக்செல்லில் ஒரு கட்டம் தப்பினாலே நமக்குத் தலைவலி வருகிறது :-)) பசிபிக் பக்கம் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, மாறியும் நடக்கிறது என்று கண்டு, 1920களில் அதற்குத் 'தென் அலைவு' என்று பெயரிட்டார். இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஒன்றாக வறள்கின்றன என்று சார்லஸ் டாட் 1888இலேயே குறிப்பிட்டிருந்தார். ஆனால் இதற்கும் பெரு நாட்டுக் கடற்கரையில் கடல் சூடாகும் எல் நினோவுக்கும் உள்ள தொடர்பை பியர்க்னெஸ் விளக்க 1969 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது திரும்பிப் பார்த்தால் தாது வருஷத்துக்கு விளக்கம் கிடைக்கிறது. 2018இல் வந்த ஓர் ஆய்வு, 1870 முதல் 1876 வரை பசிபிக் வெப்பமண்டலம் குளிர்ந்திருந்ததையும், 1877-78இல் மிகக் கடுமையான எல் நினோ வந்ததையும், இந்தியப் பெருங்கடலும் அதற்கு ஒத்துழைத்ததையும் காட்டுகிறது. எல் நினோ ஆண்டில் தென்மேற்கு மழை குறையும், நம் ஊர் வடகிழக்கு மழை பெரும்பாலும் கூடும். 1877இல் நடந்ததும் அதுதான். பசிபிக் குளிர்ந்திருந்தால் பெரும்பாலும் நேர்மாறு. 2016இல் அப்படித்தான், நாடு முழுவதற்கும் தென்மேற்கு மழை ஏறக்குறைய சராசரி, தமிழ்நாட்டுக்கு வடகிழக்கு மழை 62 சதவீதம் குறைவு. அந்த ஆண்டு மாநிலத்தின் நெல் உற்பத்தி முந்தைய ஆண்டில் பாதியைக்கூட எட்டவில்லை. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. ஆக, 'இந்தியாவுக்கு நல்ல மழை' என்ற தலைப்புச் செய்தி நம் ஊருக்குப் பொருந்தும் என்று நினைத்தால் அது பெரிய தவறு.

சரி, மழை இவ்வளவு குறைந்தால் விளைச்சல் எவ்வளவு குறையும்? அசைன்மென்ட்டின் மையமான கேள்வி இது. 1979இல் உலக உணவு வேளாண் அமைப்பு வெளியிட்ட டூரன்போஸ், கஸ்ஸாம் கையேட்டில் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. பயிர் குடிக்க வேண்டிய நீரில் எத்தனை பங்கு குறைந்ததோ, அதை ஒரு காரணியால் பெருக்கினால் விளைச்சலில் எத்தனை பங்கு போயிற்று என்று வரும். முழுப் பருவத்துக்கும் மக்காச்சோளத்தின் காரணி 1.25, சோளத்துக்கு 0.9, நிலக்கடலைக்கு 0.7. அதாவது நீர் 30 சதவீதம் குறைந்தால் மக்காச்சோளத்தில் 37.5 சதவீதம் போகும், கடலையில் 21 சதவீதம்தான் போகும். நம் பெரியவர்கள் புஞ்சையில் சோளத்தையும் கடலையையும் விடாமல் வைத்திருந்ததற்கும், இப்போது மக்காச்சோளத்துக்கு மாறியவர்கள் மழை தப்பினால் தலையில் கைவைப்பதற்கும் இந்த மூன்று எண்களில் பாதி விளக்கம் இருக்கிறது. மீதிப் பாதி விலையில் இருக்கிறது, அது வேறு கதை.

ஆனால் முழுப்பருவக் காரணி என்பதே ஒரு சமாதானம்தான். பூக்கும் நேரத்தில் பத்து நாள் காய்ந்தால் ஆகும் சேதம், கதிர் முற்றிய பிறகு பத்து நாள் காய்ந்தால் ஆகாது. நாடு முழுவதற்குமே இதைப் பார்க்கலாம். 2002இல் வானிலைத் துறை 101 சதவீத மழை என்றது. வந்தது 81 சதவீதம். குறிப்பாக ஜூலையில், விதைப்புக் காலத்தில், மழை ஏறத்தாழ பாதியாகிவிட்டது. உணவு தானிய உற்பத்தி 21.29 கோடி டன்னிலிருந்து 17.48 கோடி டன்னாக விழுந்தது, 18 சதவீத இழப்பு. 2009இல் மழை அதைவிடக் குறைவு, 78 சதவீதம்தான். ஆனால் உற்பத்தி 23.45 கோடியிலிருந்து 21.81 கோடி டன்னுக்குத்தான் இறங்கியது, 7 சதவீதம். அந்த ஆண்டு ஜூன் மிக மோசம் என்றாலும் ஜூலையில் மழை ஓரளவு பிடித்துக்கொண்டது. அதோடு ராபி கோதுமையும் குறையவில்லை. 2002-03இல் கோதுமையும் அடிவாங்கியிருந்தது. ஆண்டு மொத்தத்தை மட்டும் பார்த்து வறட்சியை மதிப்பிட்டால் இந்த இரண்டு ஆண்டுகளையும் தலைகீழாகப் புரிந்துகொள்வோம். இதில் ஒரு வேடிக்கை, 2016 முதல் வானிலைத் துறை நாட்டளவில் 'வறட்சி' என்ற சொல்லையே விட்டுவிட்டு 'பற்றாக்குறை ஆண்டு' என்று சொல்லத் தொடங்கியது. சொல்லை மாற்றியதால் காடு நனையவில்லை.

விளைச்சலை அளப்பதும் லேசான காரியமல்ல. பழைய முறையில் சாதாரண விளைச்சல் இவ்வளவு, இந்த வருடம் பயிர் இத்தனை அணா என்று கண்ணால் பார்த்து எழுதிவிடுவார்கள். முழு விளைச்சல் பதினாறு அணா. பார்ப்பவரின் மனநிலையும் அந்த அணாவில் கலந்திருக்கும். 1920களில் ஹப்பாக் என்ற அதிகாரி பீகார்-ஒரிசாவில், குலுக்கல் முறையில் வயலைத் தேர்ந்து ஒரு சிறு பகுதியை அறுத்து எடை போட்டுப் பார்த்தார். 1940களில் மகலனோபிஸ் ஒரு பக்கம், சுகாத்மே, பான்சே மறுபக்கம் என்று இதில் பெரிய சண்டையே நடந்தது. சிறு கட்டமாக அறுத்தால் ஓரத்துச் செடிகளை உள்ளே சேர்த்துவிடும் ஆசையில் விளைச்சல் கூடுதலாகத் தெரிகிறது என்பது சுகாத்மே தரப்பின் வாதம். கட்டம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதே நிலைத்தது. இன்றும் பெரும்பாலான பயிர்களுக்கு ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கட்டம் கட்டித்தான் பயிர் அறுவடைப் பரிசோதனை நடக்கிறது. நம் பயிர்க் காப்பீட்டு இழப்பீடு எல்லாம் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் தொங்குகிறது.

காப்பீடு என்றதும் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. மைசூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த ஜே. எஸ். சக்கரவர்த்தி 1920இல் வேளாண் காப்பீடு பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஒவ்வொரு வயலாகப் போய்ச் சேதம் பார்க்க முடியாது, ஒரு பகுதியின் மழைமானி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே காட்டினால் அந்தப் பகுதியில் காப்பீடு செய்த எல்லோருக்கும் பணம் கொடுத்துவிடலாம் என்பது அவர் திட்டம். பல ஆண்டு மழைக்கணக்கை வைத்துத் தவணை எவ்வளவு என்றுகூடப் போட்டுப் பார்த்தார். அவர் திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. 2003இல் ஆந்திரத்தின் மகபூப்நகரில் கடலை, ஆமணக்கு விவசாயிகளுக்கு மழைக் காப்பீடு தொடங்கியபோது உலகமே அதைப் புதுமை என்று பேசியது. எண்பது வருடத்துக்கு முன்பே ஒருவர் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்!

ஆனால் பகுதி அளவில் மதிப்பிடுவதில் ஒரு சிக்கல் உண்டு. அதை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். சில வருடங்களுக்கு முன் மாமாவின் மேட்டுக்காட்டுக் கடலை காய் பிடிக்கும் சமயத்தில் காய்ந்துபோனது. காப்பீடு செய்திருந்தார். பரிசோதனைக்குக் குலுக்கலில் விழுந்த வயல்களில் ஒன்று ஏரிக்குக் கீழே, கிணற்றுப் பாசனம் உள்ளது. அங்கே நல்ல காய். சராசரி நன்றாக வந்துவிட்டது, மாமாவுக்கு ஒன்றும் வரவில்லை. யாரும் ஏமாற்றவில்லை, விதிப்படிதான் எல்லாம் நடந்தது. அதுதான் அவருக்குக் கூடுதல் எரிச்சல். ஏமாற்றியிருந்தால் திட்டவாவது செய்யலாம் அல்லவா?

இந்தக் கட்டுரைக்காகப் போன மாதம் அவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். முந்தின இரவு மழை பெய்திருந்தது. கைப்பேசியில் பார்த்து, "மாமா, பதினெட்டு மில்லிமீட்டர் காட்டுது" என்றேன். அவர் காட்டில் குனிந்து, குச்சியால் மண்ணைக் கிளறி, விரலால் ஈரத்தின் ஆழத்தைப் பார்த்தார். "உங்க மில்லிமீட்டர் எனக்குத் தெரியாது சாமி. இது ஒரு உழவு மழைக்குக் காணாது. இன்னொன்னு பேஞ்சாத்தான் ஏர் கட்டலாம்" என்று சொல்லிவிட்டு வரப்பில் ஏறிப் போய்விட்டார்.